ஆண்டாள் கிளியில் இருந்து டோராவின் குள்ளநரி வரை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் தினமும் ஒரு கிளி பிறக்கிறது. நிஜக் கிளி இல்லை. பச்சை இலைகளில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, மூங்கில் குச்சியில் கால், கட்ட வாழை நார், அலங்காரத்துக்கு அரளியும் நந்தியாவட்டையும். ஒரு கிளி செய்ய நாலரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். ஆண்டாளின் இடது கையில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் அது யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும், கையில் புதுக் கிளி வந்துவிடும்.

விலங்குகள் பேசும் கார்ட்டூன் காமெடித் தொடர்களின் கதையை இங்கே இருந்து ஆரம்பிப்பது கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஆனால் நாச்சியார் திருமொழியைப் புரட்டினால் காரணம் புரியும். அதில் ஆண்டாளுக்கு ஒரு வளர்ப்புக் கிளி உண்டு. கூண்டுக்குள் இருந்துகொண்டு எந்நேரமும் கோவிந்தன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அவளோ அவனை நினைத்து நொந்துபோய் இருக்கிறாள், இது வேறு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. சரி, தண்டனையாகச் சாப்பாட்டை நிறுத்துவோம் என்று பார்க்கிறாள். கிளி அடங்கவில்லை. உலகளந்தவன் பெயரைப் பிடித்துக்கொண்டு முன்னைவிடச் சத்தமாகக் கூவுகிறது! கண்ணை மூடிக்கொண்டு இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். பூனைக்கோ வாத்துக்கோ கோபம் தலைக்கேறி, எதிரி அதைக் கண்டுகொள்ளாமல் இன்னும் இரண்டு மடங்கு வெறுப்பேற்றுகிற கார்ட்டூன் காட்சிதானே இது?

இன்னொரு இடத்தில் குயிலிடம் பேரம் நடக்கிறது. அவனை இங்கே வரும்படி கூவு, பாலும் சோறும் ஊட்டி வளர்த்த என் கிளியை உனக்கு ஃபிரண்டாக்கி வைக்கிறேன் என்று குயிலுக்கு ஆசை காட்டுகிறாள். இது எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு சமாச்சாரம். விரகத்தைப் பாடும் பாடல்கள்தான், பக்திதான். ஆனால் அதற்கு நடுவில் பேசும் பறவையை வைத்துச் சிரிக்க இடம் இருந்திருக்கிறது.

அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது மில்லோ மாம்பழமோ இல்லை, நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால், எஜமானைத் தவிர யாரையும் சட்டை செய்யாத முகம். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்குப் பேசும் கிளி, இன்னொன்றுக்குப் பேசாத நாய். இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகள் முன்னால் விலங்குகள் எப்போது தமிழில் பேச ஆரம்பித்தன? கேள்வி சின்னது, பதில் நீளம். நடுவில் மொழி அரசியல் வருகிறது, இலவச டிவி வருகிறது, கணக்குப் புத்தகமும் வருகிறது.

முதலில் பேசியது காகிதத்தில். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியார் மராத்தியில் இருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார். ஆண்டு 1826. அது யாருக்காக என்று பார்த்தால் சிரிப்பு வரும். தமிழ் படிக்க வேண்டிய கம்பெனி அதிகாரிகளுக்கு! அச்சுத் தமிழில் சிங்கமும் எருதும் நரியும் முதலில் பாடம் எடுத்தது வெள்ளைக்காரத் துரைமார்களுக்குத்தான். பிள்ளைகள் கைக்கு அது அப்புறம்தான் வந்தது. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் இருந்து அம்புலிமாமாவைத் தொடங்கினார்கள். 1980-களில் வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிரில் காக்கை காளி வந்தது. நரியும் முதலையும் போடும் திட்டத்தை ஒரு காக்கா கவுத்துக்கொண்டே இருக்கும். அமைப்பைப் பார்த்தால் அது முழுக்க கார்ட்டூன் தொடர்தான். அசையாது, அவ்வளவே.

இதில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அரை மணி, முக்கால் மணி பஸ் தூரத்தில் சிவகாசி. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அடித்த அதே ஊரில் 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். ஐரோப்பாவில் பிரெஞ்சு மொழியில் பேசிக்கொண்டிருந்த லக்கி லூக்கின் குதிரை ஜாலி ஜம்பர் தமிழில் நக்கலடிக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். எஜமானைவிட அறிவாளியான குதிரை, அதற்குப் பக்கத்தில் தான் நாய் என்பதே சரியாகப் புரியாத ரின்டின் கேன் என்ற நாய். வெளிநாட்டு மிருகம் தமிழில் ஜோக் அடித்தால் ஒட்டுமா ஒட்டாதா என்ற பரிசோதனை, டிவி வருவதற்கு முன்பே சிவகாசி அச்சகங்களில் முடிந்துவிட்டது. ஒட்டியது.

இப்போது கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வர வேண்டும். திரையில் விலங்கு ஏன் பேச ஆரம்பித்தது என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

1928-ல் ஸ்டீம்போட் வில்லி வந்தபோது மிக்கி மவுஸ் விசில் அடித்தது, ஆனால் வார்த்தை பேசவில்லை. முதல் வார்த்தையை 1929-ல் தி கார்னிவல் கிட் என்ற குறும்படத்தில் பேசியது. என்ன பேசியது தெரியுமா? 'ஹாட் டாக்ஸ்!' பொருட்காட்சியில் கூவிக் கூவி விற்கிற வியாபாரி வேடம் அதற்கு. ஆக, உலகப் புகழ்பெற்ற அந்த எலியின் முதல் வசனமே விளம்பரம்.

ஆனால் அந்தக் காலத்துக் கார்ட்டூனில் பேச்சைவிட அசைவுக்குத்தான் மதிப்பு. 1940-ல் தொடங்கிய டாம் அண்டு ஜெர்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் நிறுவனத்தில் எடுத்த அந்தப் படங்கள் 7 ஆஸ்கர் வாங்கின. பூனையும் எலியும் அனேகமாகப் பேசுவதே இல்லை. ஓட்டம், அடி, அலறல், பின்னணி இசை. ஏழெட்டு நிமிடப் படத்துக்கு ஆயிரக்கணக்கான ஓவியங்கள். ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் என்று கணக்குப் போட்டால் செலவு எங்கே போய் நிற்கும் என்று புரியும். தியேட்டர்காரர்கள் காசு கொடுத்தவரை சரி. டிவி வந்து தியேட்டர் கூட்டத்தைக் கலைத்ததும் 1957-ல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடியது. ஆஸ்கர் வாங்கியவர்களுக்கு வேலை போச்சு!

வேலை போன இரண்டு பேரும் டிவிக்கு வந்தார்கள். டிவி கொடுத்த பட்ஜெட்டோ பழைய பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வராது. அப்போதுதான் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படத்தைக் குறை, பேச்சைக் கூட்டு. உடம்பை ஒரு தடவை வரைந்து வைத்துக்கொண்டு, வாயை மட்டும், கண்ணை மட்டும் மாற்றுவது. யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சட்டை இல்லாத கரடிக்கு டை எதற்கு? தலையையும் உடம்பையும் பிரிக்கிற கோடு அது. தலை மட்டும் தனியாக அசையும், உடம்பு அப்படியே இருக்கும், ஒட்டு தெரியாது. 1957 டிசம்பரில் வந்த அவர்களுடைய முதல் டிவி தொடர் ரஃப் அண்டு ரெட்டி. ஒரு பூனை, ஒரு நாய், இரண்டும் வாய் ஓயாமல் பேசும். அடுத்த வருடம் ஹக்கிள்பெரி ஹவுண்ட். அதற்குள்தான் யோகியும் பிறந்தது. 1969-ல் ஸ்கூபி டூ.

அதாவது டிவி கார்ட்டூனில் மிருகங்கள் இவ்வளவு பேசுவதற்கு முக்கியமான காரணம் சிக்கனம். வரைவது காஸ்ட்லி, பேசுவது சீப். எந்த காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்திலும் இந்த உதாரணம் இல்லாதது ஆச்சரியம்தான். இந்தச் சிக்கனத்துக்கு ஒரு பின்விளைவு உண்டு. சிரிப்பெல்லாம் வசனத்துக்குப் போய்விட்டால், வசனம் புரியாதவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. டாம் ஜெர்ரிக்கு மொழி தேவையில்லை. யோகிக்குத் தேவை.

அந்தப் பின்விளைவை நேரடியாக அனுபவித்தது நம் ஊர்ப் பக்கப் பிள்ளைகள்.

இந்தியாவில் அனிமேஷன் அரசாங்க வேலையாகத்தான் வளர்ந்தது. 1956-ல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள் ஒரு கார்ட்டூன் பிரிவு. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். 1957-ல் பேனியன் டியர் என்று ஜாதகக் கதை மானை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அழகான முயற்சிதான். ஆனால் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் என்றாலே மெயின் பிக்சருக்கு முன்னால் கட்டாயமாகப் போடுவது, முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே வர ஜனங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் என்று ஆகிவிட்டது. வாராவாரம் வந்து சிரிக்க வைக்கிற தொடராக அது மாறவில்லை. தமிழ் சினிமாவுக்கு மிருகம் புதிது இல்லை. தேவர் பிலிம்ஸ் யானையையும் ஆட்டையும் ஹீரோவாக்கி வசூல் பார்த்தது. 1967-ல் வந்த தெய்வச் செயல் யானைக் கதை, ஹாத்தி மேரே சாத்தியாகி, 1972-ல் எம்ஜிஆரின் நல்ல நேரமாகத் திரும்பி வந்தது. அந்த மிருகங்கள் எல்லாம் செய்யும். சண்டை போடும், அழும், சாமி கும்பிடும். பேச மட்டும் பேசாது.

டிவி விஷயத்துக்கு வருவோம். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. தென் மாவட்டங்களுக்கு ஒழுங்கான படம் வந்தது 1980-களின் பிற்பாதியில், கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகு. மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே 'தெரியுதா, தெரியுதா' என்று கீழே கத்திக் கேட்ட காலம். 1990-களில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேசிய ஒளிபரப்பில் விலங்குகள் பேச ஆரம்பித்தன. ஜப்பானில் 1989-ல் எடுத்த ஜங்கிள் புக் 1993-ல் வந்தது. மௌக்லி, பாலு கரடி, பகீரா. ஷேர்கானுக்குக் குரல் நானா படேகர், தலைப்புப் பாட்டு குல்சார், இசை விஷால் பரத்வாஜ். அப்புறம் டிஸ்னியின் டக் டேல்ஸ், டேல்ஸ்பின். பணத்தில் நீச்சல் அடிக்கிற வாத்து, விமானம் ஓட்டுகிற கரடி.

எல்லாம் ஹிந்தியில்.

1968-ல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை எடுத்த பிறகு அரசுப் பள்ளிகளில் ஹிந்தி கிடையாது. ராஜபாளையத்தில் கணிசமான வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், பள்ளியில் தமிழ், பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். மூன்று மொழி இருந்தும் கரடி பேசியது நாலாவது மொழி! கொள்கை சரியா தப்பா என்பது இங்கே பேச்சு இல்லை. நடந்தது என்ன என்றால், ஹிந்தி புரிந்த ஊர்களில் இன்றைக்கும் அந்தக் கரடியின் வசனங்களை ஒப்பிக்கிற தலைமுறை ஒன்று இருக்கிறது. இங்கே அதே தலைமுறைக்குப் படம் ஞாபகம் இருக்கும், பாட்டின் மெட்டு ஞாபகம் இருக்கும், ஜோக் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது. சிரித்தது கரடி விழுந்ததற்கு. கரடி சொன்னதற்கு இல்லை.

1995 மே 1-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. அதுவும் முதலில் ஆங்கிலம். கேபிள் கனெக்‌ஷன் இருந்த வீடுகளில் பிள்ளைகள் எதை விரும்பிப் பார்த்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் டாம் அண்டு ஜெர்ரி என்பார்கள், மீதி பிங்க் பேந்தர் என்பார்கள். இரண்டுமே பேசாத மிருகங்கள். இதை ரசனை என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பேசுகிற யோகியும் ஸ்கூபியும் அதே சேனலில்தான் இருந்தன. அமெரிக்காவில் சிக்கனத்துக்காகப் பேச வைத்த மிருகங்கள் இங்கே வாயை அசைத்துக்கொண்டே இருந்தன. செலவழித்து ஓட வைத்த பழைய மிருகங்கள்தான் ஜெயித்தன.

மாற்றம் 2000-களில் வந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரே படத்தோடு பல மொழி ஒலித்தடங்களை அனுப்பலாம். படத்துக்கான செலவு ஏற்கெனவே அமெரிக்காவிலோ ஜப்பானிலோ முடிந்துபோன செலவு. அதன்மேல் தமிழ்க் குரல் சேர்க்க ஆகும் கூடுதல் செலவு ரொம்பக் கொஞ்சம். கிடைப்பதோ ஒரு முழு மாநிலத்துப் பிள்ளைகள், அவர்களைத் தேடி வருகிற பிஸ்கட், சாக்லேட், சத்துமாவு விளம்பரங்கள். கார்ட்டூன் நெட்வொர்க் தமிழ் பேசியது. 2004 டிசம்பர் 17-ல் டிஸ்னி சேனலும் டூன் டிஸ்னியும் இந்தியாவுக்கு வரும்போதே தமிழோடு வந்தன. தமிழ்ப் பற்றில் வந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம் :-) அதே நேரம், ஹிந்தி ஒன்று போதும் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தச் சந்தையில் அந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஆனால் தமிழ் ஒலி இருந்தால் போதுமா? பார்க்க டிவி வேண்டாமா? ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்தில் இருந்து ஷிஃப்ட் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி. இந்த வேலைகளில் இருந்த பல வீடுகளில் சொந்தமாகக் கலர் டிவி என்பது லேசான காரியம் இல்லை. 2006 தேர்தலில் திமுக இலவசக் கலர் டிவி வாக்குறுதி கொடுத்து ஜெயித்தது, அந்த வருடமே விநியோகம் தொடங்கியது. மாநிலம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போனது. இலவசத்தைப் பற்றி அன்றைக்கு நடந்த சண்டையெல்லாம் ஊருக்கே தெரியும். அந்தச் சண்டையில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. டிவி வந்த கொஞ்ச நாளிலேயே, 2007 ஏப்ரல் 29-ல், சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் குழந்தைகளுக்கான சேனல். பெட்டி இலவசம், உள்ளே பேசும் குரங்கு!

குரங்கின் பெயர் புஜ்ஜி. 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய டோரா தொடர் தமிழில் டோராவின் பயணங்கள் ஆனபோது பூட்ஸ் என்ற குரங்கு புஜ்ஜி ஆனது, ஸ்வைப்பர் என்ற திருட்டு நரி குள்ளநரி ஆனது. அந்தப் பெயர் வைத்தவருக்குத் தாராளமாக ஒரு விருது கொடுக்கலாம். பூட்ஸ் என்றே விட்டிருந்தால் செருப்புக்கடை ஞாபகம்தான் வந்திருக்கும். புஜ்ஜி என்பது தெலுங்கு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் கடைக்குட்டியைக் கொஞ்சிக் கூப்பிடுகிற பெயர். குள்ளநரியோ பஞ்சதந்திரக் காலத்தில் இருந்து நமக்குத் தெரிந்த ஆள். திருடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னால் விரலைச் சொடுக்கிக்கொண்டு ஏமாற்றத்தோடு போய்விடுகிற அந்த நரியைப் பார்த்து, டிவிக்கு எதிரே உட்கார்ந்து சேர்ந்து கத்தாத பிள்ளை அன்றைக்கு இல்லை. இன்று காலேஜ் முடித்துவிட்டவர்கள்கூட, ஹாஸ்டலில் பக்கத்து ரூம்காரன் டிபன் பாக்ஸில் கை வைத்தால் அதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். இணைபிரியாத இரண்டு பேரைப் பார்த்தால் 'டோரா புஜ்ஜி' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹிந்திக் கரடியால் முடியாததை இந்த நரி முடித்துக் காட்டியது. அதன் வசனம் பிள்ளைகள் வாயில் ஒட்டியது.

இதைச் செய்தவர்கள் யார்?

சென்னையில் ஒரு சின்னக் கண்ணாடி அறை, மைக், ஹெட்ஃபோன், எதிரே திரை. மூலக் குரலைக் கேட்டுக்கொண்டே அதே நேர அளவுக்குள் தமிழ் வசனம் பேச வேண்டும். ப, ம போன்ற எழுத்துகளில் உதடு மூடும், அ, ஆ வந்தால் திறக்கும். மனித முகமாக இருந்தால் இது பொருந்தாவிட்டால் உடனே தெரிந்துவிடும். மிருகமாக இருந்தால் பெரிய சலுகை. வாத்தின் அலகும் நரியின் வாயும் சும்மா திறந்து திறந்து மூடுவதுதான். எனவே வசனம் எழுதுகிறவருக்குக் கை கொஞ்சம் ஃப்ரீயாகிறது. ஆங்கிலச் சிலேடையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழில் வேறு ஒன்றை வைக்கலாம், வடிவேலு பாணியில் ஒரு இழுப்பு இழுக்கலாம். சின்னப் பையன் குரல் அனேகமாக ஒரு பெண் கலைஞருடையதாக இருக்கும். ஒரே ஆள் ஒரே எபிசோடில் மரமாகவும் மாடாகவும் பேசுவதும் உண்டு. படத்தைக் குறைத்துப் பேச்சைக் கூட்டிய அந்த 1957-ம் வருடத்துச் சிக்கனம் கடைசியில் இவர்கள் தலையில்தான் வந்து விடிந்தது. கார்ட்டூனில் சிரிப்பு முழுக்கக் குரலில் இருக்கிறது என்றால், தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தது முழுக்க இவர்களுடைய உழைப்புக்கு.

எபிசோட் முடிந்ததும் பெயர்கள் ஓடும். ஆங்கிலக் குரல் கொடுத்தவர், படம் வரைந்தவர், இசை, தயாரிப்பு. தமிழ்க் குரல்களின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. பெயர் வரவேண்டும் என்றால் வேறு ஒரு தகுதி வேண்டும். 1994-ல் வந்த லயன் கிங் தமிழில் பேசியபோது சிம்பாவுக்குக் குரல் அரவிந்த்சாமி. 2019-ல் புது லயன் கிங் வந்தபோது அவரே வில்லன் ஸ்கார், சித்தார்த் சிம்பா, ரோபோ சங்கர் பும்பா, சிங்கம்புலி டிமோன், மனோபாலா ஸாஸு. எல்லாருடைய பெயரும் விளம்பரத்தில் வந்தது, பேட்டி வந்தது. (சிங்கப் படத்தில் சிங்கம்புலிக்குக் கீரி வேடம் கொடுத்தது யார் யோசனையோ!) அதில் தப்பு எதுவும் இல்லை, அவர்கள் பிரமாதமாகவே பேசினார்கள். ஆனால் இரண்டு மணி நேரம் பேசியவரின் பெயர் ஊருக்கே தெரிகிறது, வருடக்கணக்காகத் தினமும் சாயங்காலம் பேசிய குள்ளநரியின் பெயரைக் கேட்டால் முழிக்க வேண்டியிருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குத் தமிழ் உச்சரிப்பையே சொல்லிக்கொடுத்த குரல்கள் அவை.

அந்தத் தமிழிலும் ஒரு விசேஷம் உண்டு. அது எந்த ஊர்த் தமிழும் இல்லை. ராஜபாளையத்து வழக்கில் மதுரையும் திருநெல்வேலியும் கலந்து ஓடும். கார்ட்டூன் மிருகங்களோ பாதிப் பாடப் புத்தகமும் பாதிச் சென்னையுமாக ஒரு பொதுத் தமிழ் பேசுகின்றன. எல்லா ஊருக்கும் போக வேண்டிய சரக்கு என்பதால் எந்த ஊர் வாசனையும் இல்லாமல் பேக் செய்துவிடுகிறார்கள். 'ஏலே, எங்கிட்டுப் போற?' என்று ஒரு அணில் கேட்டால் எப்படி இருந்திருக்கும்!

2017 ஏப்ரல் 18-ல் சோனி யே சேனல் ஹிந்தி, தமிழ், தெலுங்கு மூன்றிலும் தொடங்கியது. அதன் முக்கியத் தொடர்களில் ஒன்று ஹனி பன்னி. இரண்டு பூனைகள், சோர்தார் என்ற நாய், போப்பட் என்ற கிளி, எல்லாம் ஒரே வீட்டில் அடிக்கும் கூத்து. இந்தியாவிலேயே எழுதி இந்தியாவிலேயே எடுத்த, விலங்குகள் பேசும் முழு நீளக் காமெடித் தொடர். ஆனால் யோசித்து எழுதியது ஹிந்தியில். போப்பட் என்றால் மராத்திக்காரருக்கும் குஜராத்திக்காரருக்கும் கிளி என்றே அர்த்தம் வரும், நமக்கு வெறும் பெயர். பன்னி என்றால் ஹிந்திக்காரருக்கு ஒன்றும் இல்லை, நமக்கு... பூனைக்குப் பன்னி என்று பெயர் வைத்தால் ராஜபாளையத்தில் எந்தப் பிள்ளை சிரிக்காது? எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு ஜோக், எபிசோடுக்கு ஐம்பது தடவை இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த வீட்டில் நாயும் இருக்கிறது, கிளியும் இருக்கிறது என்பது இந்த இரண்டு ஊர்க்காரர்களையும் கொஞ்சம் உறுத்த வேண்டிய விஷயம். நம்மிடமும் அதே ஜோடி இருக்கிறது. 2005 ஜனவரி 9-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்திய நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பெயர்களைச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையில் 1988-ல் சாம்பல் நிற அணிலுக்கென்றே ஒரு சரணாலயம் வந்தது, 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. வாலோடு சேர்த்தால் ஒரு முழத்துக்கும் மேல் நீளம், மரத்தை விட்டு இறங்க யோசிக்கும் சுபாவம், உச்சாணிக் கிளையில் கூடு. சோம்பேறிக் கதாபாத்திரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும் இந்த அணிலுக்கு, அரசாணையில் இடம் கிடைத்த அளவுக்குக் கதையில் இடம் கிடைக்கவில்லை.

2022 ஜனவரியில் நாய் சேகர் படம் வந்தது. அனிமேஷன் இல்லை, நிஜ நாய். ஆனால் தமிழில் மனசு விட்டுப் பேசி நக்கலடிக்கிற நாய், குரல் மிர்ச்சி சிவா. ராஜபாளையத்துக்காரர்கள் ஆவலாகத்தான் போஸ்டரைப் பார்த்திருப்பார்கள்.

லேப்ரடார்.